நூறுக்குள் ஐந்து

2012ஆம் வருஷம், மே மாதம் 7ஆம் தேதி. மூன்றாவது முறையாக ரஷ்ய அதிபர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார் விளாதிமிர் புதின். உட்கார்ந்த அன்றைக்கே ஒரு கத்தை ஆணைகளில் கையெழுத்துப் போட்டார். அதில் 599ஆம் எண் ஆணை, கல்வி சம்பந்தப்பட்டது. அதற்குள் ஒரு வரி: 2020க்குள் ரஷ்யப் பல்கலைக்கழகங்களில் குறைந்தது ஐந்து, உலகத் தரவரிசைப் பட்டியலின் முதல் நூறு இடங்களுக்குள் வந்தாக வேண்டும்.

வந்தாக வேண்டும். அவ்வளவுதான். அதிபர் சொல்லிவிட்டார்.

அதே ஆணையில் இன்னொரு வரியும் உண்டு. உலக ஆய்விதழ்களில் வெளியாகும் கட்டுரைகளில் ரஷ்யாவின் பங்கு 2015க்குள் 2.44 சதவிகிதமாக உயர வேண்டும். 2.4 இல்லை. 2.5 இல்லை. 2.44. நம்மூர் ரேஷன் கடைத் தராசில்கூட இத்தனை துல்லியத்தை நான் பார்த்ததில்லை.

திட்டத்துக்கு '5-100' என்றே பெயர் வைத்தார்கள். நூறுக்குள் ஐந்து. 2013ல் பதினைந்து பல்கலைக்கழகங்களைப் பொறுக்கி எடுத்தார்கள். 2015ல் இன்னும் ஆறு. ஆக மொத்தம் இருபத்தொன்று. எட்டு வருஷத்தில் சுமார் 8,000 கோடி ரூபிள் செலவானது. 2021ல் அந்த நாட்டின் தணிக்கைத் துறை உட்கார்ந்து கணக்குப் பார்த்தது. இருபத்தொன்றில் எத்தனை பல்கலைக்கழகங்கள் ஒட்டுமொத்தப் பட்டியலின் முதல் நூறுக்குள் வந்திருந்தன?

ஒன்றுகூட இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகம் மட்டும் நூறுக்குள் இருந்தது. 2020ல் வெளியான க்யூ.எஸ். பட்டியலில் அதற்கு 74ஆம் இடம். ஆனால் அது இந்தத் திட்டத்திலேயே கிடையாது. தனி அந்தஸ்து, தனி பட்ஜெட் என்று ஒதுங்கி இருந்தது. டியூஷனுக்கு அனுப்பிய இருபத்தொரு பிள்ளைகளும் கோட்டைவிட, டியூஷன் பக்கமே போகாத பையன் பாஸ் பண்ணிய கதை.

எங்கோ மாஸ்கோவில் நடந்ததற்கு நாம் ஏன் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். தோற்றுப்போன இந்தப் பல்கலைக்கழகங்கள் ஏதோ சந்துக்குள் போர்டு மாட்டிக்கொண்டு நடக்கிற கல்லூரிகள் அல்ல. ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வுக்குப் படித்த, அல்லது படிக்க வைக்கப்பட்ட எவரும் 'இரோதோவ்' என்ற பெயரைக் கேட்டால் இன்றைக்கும் லேசாக நடுங்குவார்கள். தலையணை உறைக்குள் வைத்துத் தூங்கினாலும் மண்டையில் ஏறாத பௌதிகக் கணக்குப் புத்தகம். அதை எழுதிய இகோர் இரோதோவ் வேலை பார்த்தது மாஸ்கோ பொறியியல் இயற்பியல் நிறுவனத்தில். அது அந்த இருபத்தொன்றில் ஒன்று. மாஸ்கோ இயற்பியல் தொழில்நுட்ப நிறுவனம் இன்னொன்று. 2010ல் இயற்பியலுக்கான நோபல் பரிசு வாங்கிய ஆந்த்ரே கெய்ம், கான்ஸ்தந்தின் நொவோசெலவ் இருவருமே அங்கே படித்தவர்கள். ஒரு காலத்தில் நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் கப்பலேறிப் போய்ப் படித்த பத்ரிஸ் லுமும்பா பல்கலைக்கழகமும் பட்டியலில் உண்டு.

பிறகு ஏன் முதல் நூறுக்குள் வர முடியவில்லை? இதற்கு விடை தெரிய வேண்டுமென்றால் பட்டியல் எப்படித் தயாராகிறது என்று பார்க்க வேண்டும்.

உலகத் தரவரிசை என்பது கடவுள் போட்டதல்ல. ஐ.நா. சபை போட்டதும் அல்ல. இன்றைக்குப் பிரபலமாக இருப்பவை மூன்று. முதலில் வந்தது ஷாங்காய் பட்டியல், 2003ல். அது பிறந்த கதையே சுவாரசியம். 1998 மே மாதம் பீகிங் பல்கலைக்கழகத்தின் நூற்றாண்டு விழாவில் பேசிய சீன அதிபர் ஜியாங் ஜெமின், உலகத் தரத்தில் பல்கலைக்கழகங்கள் வேண்டும் என்றார். 98ஆம் வருஷம், ஐந்தாம் மாதம். ஆகவே 'திட்டம் 985'. அரசாங்கப் பணம் வெள்ளமாகப் பாய்ந்தது. சரி, உலகத் தரத்துக்கும் நமக்கும் எத்தனை தூரம் என்று அளந்து பார்க்கலாமே என்று ஷாங்காய் ஜியாவ் தோங் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் சிலர் போட்ட கணக்குதான் பிறகு உலகப் பட்டியல் ஆனது. வீட்டுச் சுவரில் பிள்ளையின் உயரத்தைப் பென்சிலால் குறித்து வைப்பார்களே, அந்த மாதிரி ஆரம்பித்த காரியம். அடுத்த வருஷமே பிரிட்டனிலிருந்து டைம்ஸ் உயர்கல்வி இதழும் க்யூ.எஸ். நிறுவனமும் சேர்ந்து ஒரு பட்டியல் கொண்டுவந்தார்கள். பிற்பாடு பாகப்பிரிவினை ஆகி ஆளுக்கொன்று நடத்துகிறார்கள்.

மார்க் எப்படிப் போடுகிறார்கள்? ஷாங்காய் பட்டியலில் முப்பது சதவிகிதம் நோபல் பரிசுக்கும், கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கத்துக்கும். அதில் பத்து, படித்தவர்கள் வாங்கிய பரிசுக்கு. இருபது, அங்கே வேலை பார்த்தவர்கள் வாங்கிய பரிசுக்கு. இன்னொரு இருபது சதவிகிதம், உலகில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் விஞ்ஞானிகள் உங்களிடம் எத்தனை பேர் என்பதற்கு. மிச்சம் பெரும்பாலும் ஆய்வுக் கட்டுரைகளுக்கு. க்யூ.எஸ். வழி வேறு. உலகெங்கும் உள்ள பேராசிரியர்களிடமும் வேலை கொடுக்கும் கம்பெனிகளிடமும், எந்தப் பல்கலைக்கழகம் நல்லது என்று கருத்துக் கேட்பார்கள். இன்றைய தேதியில் அதற்கு மட்டுமே 45 சதவிகித மார்க். சுருக்கமாகச் சொன்னால், நாலு பேர் நல்ல பேர் சொல்ல வேண்டும்.

வகுப்பில் வாத்தியார் எப்படிப் பாடம் நடத்துகிறார் என்பதற்கு நேரடியாக மார்க் கிடையாது. அதை எப்படி அளப்பது? ஆகவே விட்டுவிட்டார்கள்.

இப்போது ரஷ்யாவுக்குத் திரும்பலாம். கெய்மும் நொவோசெலவும் படித்தது மாஸ்கோவில். ஆனால் நோபல் வாங்கித் தந்த கிராஃபீன் ஆராய்ச்சியைச் செய்தது இங்கிலாந்தின் மான்செஸ்டரில். ஆக, பத்து சதவிகிதப் பெட்டி மாஸ்கோவுக்கு. இருபது சதவிகிதப் பெட்டி மான்செஸ்டருக்கு. சோவியத் யூனியன் உடைந்தபிறகு சம்பளமும் கருவியும் இல்லாமல் கிளம்பிப் போன ஒரு தலைமுறையின் கதை இந்த ஒரு கணக்கில் அடங்கிவிடும்.

இன்னொரு காரணம், அமைப்பு சார்ந்தது. ரஷ்யாவில் ஆராய்ச்சி என்பது பெரும்பாலும் பல்கலைக்கழகத்தில் நடப்பதில்லை. மகா பீட்டர் காலத்தில், 1724ல் ஆரம்பித்த அறிவியல் அகாதமியின் கீழ் 2013 வரை நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் இருந்தன. கப்பிட்ஸா, லாந்தாவ், கின்ஸ்பர்க் போன்ற மேதைகளெல்லாம் முக்கியமான வேலைகளைச் செய்தது அங்கேதான். பல்கலைக்கழகம் பாடம் சொல்லித்தரும், அகாதமி ஆராய்ச்சி செய்யும். இது நல்ல ஏற்பாடா இல்லையா என்று விவாதிக்கலாம். ஆனால் பட்டியல் போடுகிறவனுக்கு அகாதமி கண்ணில் படாது. அவனுக்குப் பல்கலைக்கழகத்தின் பெயர் போட்ட கட்டுரை வேண்டும். அதுவும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வேண்டும்.

இருநூறு முந்நூறு வருஷப் பழக்கத்தை மாற்றி, போன விஞ்ஞானிகளைத் திரும்ப அழைத்து, இளைஞர்களைப் பயிற்றுவித்து எழுப்ப வேண்டிய கட்டடம் இது. இரண்டு தலைமுறை ஆகும். ஆணையில் எழுதியிருந்ததோ எட்டு வருஷம்.

நான் படித்தது பி.காம். அக்கவுண்டன்சி பாடத்தில் 'விண்டோ டிரெஸ்ஸிங்' என்று ஒரு சமாசாரம் வரும். மார்ச் 31ஆம் தேதி பேலன்ஸ் ஷீட் பளபளவென்று இருக்க வேண்டும். வியாபாரம் சரியில்லை. என்ன செய்யலாம்? தெரிந்தவரிடம் கைமாற்று வாங்கி 30ஆம் தேதி பேங்கில் போட்டுவிடலாம். ஏப்ரல் 2ஆம் தேதி திருப்பிக் கொடுத்துவிடலாம். கொடுக்க வேண்டிய பாக்கியையெல்லாம் ஒரு வாரம் தள்ளிப் போடலாம். பணம் பேங்கில் இருந்தது நிஜம். ஆகவே பொய்க் கணக்கு என்று எளிதில் சொல்லிவிட முடியாது. ஆனால் கடை ஓடவில்லை என்பதும் நிஜம். வியாபாரத்தை வளர்க்க நேரமில்லாதவன் பேலன்ஸ் ஷீட்டைத்தான் வளர்ப்பான். வேறு வழி?

பல்கலைக்கழகங்களும் அதைத்தான் செய்தன. ரஷ்யாவில் மட்டுமல்ல. சவூதி அரேபியாவின் பல்கலைக்கழகங்கள், உலகில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் விஞ்ஞானிகளுக்குப் பணம் கொடுத்துப் பகுதி நேரப் பேராசிரியர்கள் ஆக்கிக்கொள்வதை 2011லேயே 'சயின்ஸ்' பத்திரிகை எழுதியது. வருஷத்தில் சில வாரங்கள் வந்து போனால் போதும். கட்டுரையில் எங்கள் பெயரும் இருக்க வேண்டும், அவ்வளவே. இதன் உச்சம் 2023ல் வெளிவந்தது. ஸ்பெயினின் கோர்தோபா பல்கலைக்கழகம் தன்னுடைய முழுநேர வேதியியல் பேராசிரியர் ஒருவரைப் பதின்மூன்று வருஷத்துக்குச் சம்பளமில்லாமல் சஸ்பெண்ட் செய்திருந்தது. உலகில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் விஞ்ஞானிகளில் ஒருவர் அவர். குற்றம்? இங்கே முழுநேர வேலையில் இருந்துகொண்டே இன்னும் இரண்டு பல்கலைக்கழகங்களிலும் ஆராய்ச்சியாளராக இருந்தார். ஒன்று ரியாத்தில். மற்றொன்று மாஸ்கோவில், நம் பழைய லுமும்பா பல்கலைக்கழகம்.

'கட்டுரை போடு, கட்டுரை போடு' என்று மேலிருந்து நெருக்கினால் கீழே என்ன நடக்கும்? 2020 ஜனவரியில் ரஷ்ய அறிவியல் அகாதமியின் குழு ஒன்று தோண்டித் துருவியதில் காப்பியடித்தவை, ஒரே சரக்கை இரண்டு மூன்று இடத்தில் விற்றவை என்று எண்ணூற்றுக்கும் மேற்பட்ட கட்டுரைகளை அந்நாட்டு இதழ்கள் திரும்பப் பெற்றுக்கொண்டன. சோவியத் காலத்தில் பேப்பர் தட்டுப்பாடு இருந்தது. இப்போது பேப்பர்தான் மிச்சம்.

இதையெல்லாம்விட எனக்கு உறுத்துகிற விஷயம் வேறு. பட்டியல் போடும் க்யூ.எஸ். நிறுவனம், பல்கலைக்கழகங்களுக்கு ஆலோசனையும் விற்கிறது. பரீட்சை வைக்கிறவரே டியூஷனும் எடுக்கிறார். பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இகோர் சிரிகோவ், 28 ரஷ்யப் பல்கலைக்கழகங்களை எடுத்துக்கொண்டு 2021ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். அடிக்கடி இந்தச் சேவைகளை வாங்கிய பல்கலைக்கழகங்கள், வாங்காதிருந்தால் வந்திருக்கக்கூடிய இடத்தைவிட ஐந்து வருஷத்தில் சுமார் 140 இடம் மேலே போயிருந்தன என்பது அவர் கணக்கு. நிறுவனம் மறுத்தது. பட்டியல் போடுகிறவர்கள் வேறு, ஆலோசனை விற்கிறவர்கள் வேறு என்றது. இருக்கலாம். ஆனால் நம் தெருவில் ஒரு வாத்தியார் இப்படிச் சொன்னால் எத்தனை பேர் நம்புவோம்?

நியாயமாகப் பேச வேண்டும். 5-100 திட்டத்தில் உருப்படியாக எதுவுமே நடக்கவில்லை என்று சொல்லமாட்டேன். சில பல்கலைக்கழகங்கள் ஒட்டுமொத்தப் பட்டியலில் கணிசமாக மேலேறின. தனித்தனிப் பாடங்களுக்கான பட்டியல்களில் சில நூறுக்குள்ளும் வந்தன. வெளிநாட்டு ஆசிரியர்கள் வந்தார்கள், ஆய்வகங்கள் திறந்தன. பணம் போட்டால் கொஞ்சமாவது முளைக்கத்தான் செய்யும். என் கேள்வி வேறு. முளைத்ததைப் பார்த்துச் சந்தோஷப்படாமல், அளவுகோலைப் பார்த்து அழ வைத்தது யார்? இலக்கு தவறு என்பதால்தான் நல்லது நடந்தபோதும் தோல்வி என்று எழுத வேண்டியதாயிற்று.

கதையின் கடைசி அத்தியாயம் 2022ல். பிப்ரவரியில் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்தது. மார்ச்சில் ரஷ்யத் துணைவேந்தர்கள் சங்கம் போரை ஆதரித்து அறிக்கை விட்டது. கையெழுத்திட்டவர்களின் பல்கலைக்கழகங்களை ஐரோப்பியப் பல்கலைக்கழகச் சங்கம் இடைநீக்கம் செய்தது. ஆய்விதழ்களின் கணக்கை வைத்திருக்கும் கிளாரிவேட் நிறுவனம் ரஷ்யாவில் கடையைக் கட்டியது. எந்த அரசாங்கம் 2.44 சதவிகிதம் வேண்டும் என்று ஆணை போட்டதோ, அதே அரசாங்கம், சர்வதேச ஆய்விதழ்களில் எழுதியாக வேண்டும் என்ற நிபந்தனையைத் தாற்காலிகமாக நிறுத்தி வைத்தது. பத்து வருஷம் ஓடிய ஓட்டம். போட்டி நடத்தியவர்கள் மைதானத்தைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

இப்போது நம் வீட்டுக் கதை.

2017ல் நம் மத்திய அரசும் ஒரு திட்டம் கொண்டுவந்தது. 'இன்ஸ்டிட்யூஷன்ஸ் ஆஃப் எமினென்ஸ்'. சீர்மிகு நிறுவனங்கள். தேர்வாகிறவர்கள் பத்து வருஷத்தில் உலகப் பட்டியலின் முதல் ஐந்நூறுக்குள் வர வேண்டும், பிறகு நூறுக்குள். அரசு நிறுவனம் என்றால் ஆயிரம் கோடி ரூபாய் வரை உதவி. தனியார் என்றால் பணம் கிடையாது, சுதந்திரம் உண்டு. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பம் போட்டார்கள். 2018 ஜூலையில் முதல் ஆறு பெயர்கள் வெளியாயின. ஐ.ஐ.டி. மும்பை, ஐ.ஐ.டி. டெல்லி, பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், பிட்ஸ் பிலானி, மணிப்பால். ஆறாவது, ஜியோ இன்ஸ்டிட்யூட். அப்போது அதற்குக் கட்டடம் கிடையாது. மாணவர் கிடையாது. புதிதாகத் தொடங்கப்போகிறவர்களுக்கு என்று விதியிலேயே தனிப் பிரிவு இருக்கிறது, கொடுத்தது வெறும் உத்தேசக் கடிதம்தான் என்றது அரசு. விதிப்படி சரிதான். முதல் வகுப்பு தொடங்கியது 2022ல்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் பெயரும் பிறகு வந்தது. மாநில அரசும் பணம் போட வேண்டும் என்றார்கள். 69 சதவிகித இட ஒதுக்கீடு என்னவாகும் என்ற கேள்வி எழுந்தது. 2020 அக்டோபரில் வேண்டாம் என்று சொல்லிவிட்டது தமிழக அரசு. சரியா தவறா என்று இன்றைக்கும் வாதிடுகிறவர்கள் உண்டு.

நான் சொல்ல வருவது அது அல்ல. 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் ஒரு விவகாரத்தை வெளியே கொண்டுவந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் தனியார் இன்ஜினீயரிங் கல்லூரிகளில் 353 பேராசிரியர்கள் ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர ஊழியர்களாகக் கணக்கில் இருந்தார்கள். இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆள் காட்ட வேண்டும் அல்லவா? கோர்தோபா பேராசிரியரின் கதை ஞாபகம் வருகிறதா? அங்கே பட்டியலில் ஏற. இங்கே அங்கீகாரம் வாங்க. வியாதி ஒன்றுதான்.

சென்னைப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1857ல் பிறந்தது. சி.வி. ராமனும் எஸ். சந்திரசேகரும் மாநிலக் கல்லூரியில் படித்து அதன் பட்டம் வாங்கியவர்கள். இரண்டு நோபல்! மாஸ்கோவைப் போலவே இங்கும் பரிசு வாங்கித் தந்த வேலை நடந்தது வேறு ஊர்களில். அந்தப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தபிறகு, ஆளுநருக்கும் மாநில அரசுக்குமான இழுபறியில் நாற்காலி நீண்ட காலம் காலியாகக் கிடந்தது. 2024 பிப்ரவரியில் வரி பாக்கிக்காக வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டன. சம்பளம் கொடுக்கத் திண்டாட்டம். உலகப் பட்டியலாவது ஒன்றாவது.

இந்தியாவில் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர் இந்த மாதிரி மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் அவற்றின் கீழ் வரும் கல்லூரிகளிலும்தான் படிக்கிறார்கள் என்று நிதி ஆயோக்கின் 2025ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. எமினென்ஸும் அதன் ஆயிரம் கோடியும் போன திசை வேறு. பத்துப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இரண்டு பேருக்கு மட்டும் நெய் ஊற்றி, அவர்களைப் பக்கத்து வீட்டுக்காரனிடம் காட்டி, என் குடும்பம் செழிப்பு என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

2025ல் வெளியான க்யூ.எஸ். பட்டியலில் ஐ.ஐ.டி. டெல்லிக்கு 123ஆம் இடம். நூறுக்குள் இந்தியா எப்போது என்று உடனே விவாதம் ஆரம்பித்தது. ஒருநாள் வரலாம். வந்தால் நானும் கை தட்டுவேன். ஆனால் ஒவ்வொரு ஜூனிலும் பட்டியல் வரும்போது நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. உங்கள் பிள்ளை படிக்கிற கல்லூரியில் எத்தனை ஆசிரியர் பணியிடம் காலி? இருக்கிறவர்களில் எத்தனை பேர் நிஜமாகவே அங்கே இருக்கிறார்கள்? ஆய்வகம் கடைசியாக எப்போது திறக்கப்பட்டது? இதற்கெல்லாம் லண்டனிலிருந்தோ ஷாங்காயிலிருந்தோ யாரும் பட்டியல் போடமாட்டார்கள். கல்லூரி ஆபீசுக்குப் போய் நாம்தான் கேட்க வேண்டும்.